பூட் மெனுவில் பழைய விண்டோஸும் உபுண்டுவும் இன்னும் நிற்கின்றனவா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

களுவாஞ்சிகுடியில் கணினி திருத்தும் வேலை செய்கிறேன். கணினியைப் போட்டதும் எந்த இயங்குதளத்தைத் திறப்பது என்று கேட்கும் பட்டியல்தான் பூட் மெனு. "ரெண்டு விண்டோஸ் காட்டுது அண்ணன், ஒண்ட அழிச்சுத் தாங்க" என்று லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளைகளுக்கு இதே தலையிடி உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தால் வரும்.

இந்தப் பக்கத்தை எழுத வைத்தவர் பட்டிருப்புப் பக்கத்து ஆசிரியை ஒருவர். அவருடைய லெப்டொப்பில் மெனுவில் ஒரு வரி கூடுதலாகத் தெரிந்தது. அதைப் போக்க வேண்டும் என்று யாரோ ஒருவர் டிஸ்க் முழுவதையும் ஃபோமட் செய்து கொடுத்துவிட்டார். ஆறு வருடப் பாடக்குறிப்புகளும், மகளின் சாமத்தியச் சடங்குப் படங்களும் அதற்குள்தான் இருந்தன. புடவைக்கடைப் பைக்குள் லெப்டொப்பை வைத்துக்கொண்டு, "மறுகா எடுக்க ஏலாதா தம்பி?" என்று கேட்டார். எடுக்க முடியவில்லை. அதில் இருந்தது எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத டிஸ்க். எஸ்எஸ்டியை விண்டோஸ் ஃபோமட் செய்யும்போது ட்ரிம் என்கிற கட்டளையும் சேர்ந்து போகும். வெறுமையான பகுதியை டிஸ்க்கே உள்ளுக்குள் துடைத்துவிடும். ஒரு வரியை நீக்க இரண்டு நிமிடம் போதும். அதற்காக இன்னொருவர் இப்படி இழக்கக் கூடாது என்பதற்காகத்தான் எனக்கு வரும் கேள்விகளை ஒன்றாகத் திரட்டியிருக்கிறேன்.

மெனுவில் தெரியும் அந்தப் பழைய வரி என்ன? அது ஒரு விண்டோஸா?

இல்லை. அது வழிகாட்டிப் பலகை மட்டும்தான். மண்முனைத் துறையில் 2014இல் பாலம் திறந்தார்கள். அதற்குப் பிறகு அங்கே பாதைக்கு (ஆட்களையும் வாகனங்களையும் அக்கரைக்கு ஏற்றிப்போகும் மிதவைக்கு எங்கள் பக்கத்துப் பெயர்) தேவை இல்லாமல் போனது. ஆனால் பழைய நினைவில் உள்ள ஒருவரிடம் கொக்கட்டிச்சோலைக்கு வழி கேட்டால் "துறைக்குப் போய்ப் பாதை ஏறுங்க" என்றுதான் சொல்வார். மெனு வரியும் அப்படித்தான். "இந்த டிஸ்க்கில், இந்தப் பார்ட்டிஷனில், இந்த ஃபைலை ஓட்டு" என்ற குறிப்பு அதில் இருக்கும். பார்ட்டிஷன் என்றால் டிஸ்க்கைப் பிரித்து வைத்த ஒரு பகுதி. அந்த ஃபைல் இப்போதும் இருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். பலகையைக் கழற்றினால் துறைக்கு ஒன்றும் ஆகாது. துறையை மூடினாலும் பலகை தானாக விழாது. இது விளங்கினால் பாதி வேலை முடிந்த மாதிரி.

எப்படி வந்து சேர்ந்தது?

பெரும்பாலும் விண்டோஸைத் திரும்பப் போடும்போது வருகிறது. பழைய பார்ட்டிஷனை அழிக்காமல் பக்கத்துப் பார்ட்டிஷனில் புதியதைப் போட்டால், இரண்டுக்கும் வரி எழுதப்படும். பழைய ஹாட் டிஸ்க்கைக் கழற்றாமல் புதிய எஸ்எஸ்டியில் விண்டோஸ் போட்டாலும் அதே கதை. உபுண்டுவைப் போட்டுவிட்டு, பிறகு அதன் பார்ட்டிஷனை மட்டும் அழித்தவர்களிடமும் வரி எஞ்சியிருக்கும். கேம் விளையாடுவதற்காக ஃபீனிக்ஸ், பிரைம் போன்ற அண்ட்ராய்ட் இயங்குதளங்களைக் கணினியில் போட்ட பிள்ளைகளின் மெஷின்களிலும் இதைக் கண்டிருக்கிறேன். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய நாட்களில் இன்னொரு வகை வந்தது: அப்டேட் ஓடும்போது கரண்ட் போய், 'விண்டோஸ் ரோல்பேக்' என்ற பெயரில் ஒரு வரி நின்றுவிடும். அதற்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது.

அப்படியே விட்டால் கணினி ஸ்லோ ஆகுமா?

ஆகாது. விண்டோஸ் வழக்கமாக 30 செக்கன் அந்தத் திரையில் காத்திருக்கும், அவ்வளவுதான். அந்தக் காத்திருப்பு தொந்தரவு என்றால் வரியை நீக்காமல் நேரத்தை மட்டும் 5 செக்கனாகக் குறைத்துக்கொள்ளலாம். பயமாக இருக்கிறவர்கள் முதலில் அதைச் செய்யுங்கள்.

எதில் கை வைப்பது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மற்ற எல்லாவற்றையும் விட இந்தக் கேள்விதான் முக்கியம். கணினிக்குள் இப்படியான பட்டியல்கள் மூன்று இடங்களில் இருக்கலாம். தவறான பட்டியலில் எவ்வளவு தேடினாலும் அந்த வரி கிடைக்காது.

முதலாவது விண்டோஸின் சொந்தப் பட்டியல். எக்ஸ்பி காலத்தில் அது பூட் டொட் ஐஎன்ஐ என்ற ஒரு சாதாரண எழுத்து ஃபைல். நோட்பேடில் திறந்து திருத்தினோம். விஸ்டாவிலிருந்து பிசிடி என்ற தரவுக் களஞ்சியமாக மாறிவிட்டது. நீல நிறத் திரையில் பெட்டி பெட்டியாகப் பெயர்கள் வந்தால், அல்லது விண்டோஸ் 7 போலக் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் வந்தால், அது இந்தப் பட்டியல்.

இரண்டாவது லினக்ஸோடு வரும் க்ரப். கறுப்பு அல்லது ஊதாத் திரை. மேலே 'க்னூ க்ரப்' என்று பதிப்பு எண்ணோடு எழுதியிருக்கும்.

மூன்றாவது மதர்போர்ட்டின் நினைவகத்துக்குள் இருப்பது, யுஇஎஃப்ஐ (கணினியைத் தொடக்கிவைக்கும் மதர்போர்ட்டின் சொந்த மென்பொருள்) பட்டியல். டெல், லெனோவா என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9, அசுஸ் லெப்டொப் என்றால் எஸ்கேப் விசை அழுத்தும்போது தெரிகிற பட்டியல் அது. விசை அழுத்தினால் மட்டும் 'உபுண்டு' என்று தெரிகிறது, மற்ற நேரம் தெரியவில்லை என்றால் உங்கள் பிரச்சினை இங்கேதான். இந்தப் பட்டியல் டிஸ்க்கில் இல்லை. அதனால்தான் டிஸ்க் முழுவதையும் ஃபோமட் செய்த பிறகும் அந்தப் பெயர் நின்றுகொண்டிருக்கும். சில நேரம் டிஸ்க்கையே மாற்றிய பிறகும் நிற்கும்.

உங்கள் கணினி யுஇஎஃப்ஐயா, பழைய பயோஸ் முறையா என்று பார்க்க விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, எம்எஸ்இன்ஃபோ32 (எம், எஸ், ஐ, என், எஃப், ஓ, 3, 2) என்று தட்டுங்கள். வரும் பக்கத்தில் 'பயோஸ் மோட்' என்ற வரியில் யுஇஎஃப்ஐ அல்லது லெகசி என்று இருக்கும்.

கட்டளைகளைத் தமிழில் எழுதியிருக்கிறீர்களே, எப்படித் தட்டுவது?

போனில் சொல்லிக் கொடுக்கிற மாதிரி எழுத்தெழுத்தாகச் சொல்கிறேன். நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். நம்மூர் வழக்கப்படி 'டி' என்றால் ஆங்கிலத்தின் நான்காவது எழுத்து, 'ரி' என்றால் இருபதாவது எழுத்து. 'பி' என்றால் இரண்டாவது எழுத்து. சாய்கோடு என்றால் கேள்விக்குறி விசையில் இருப்பது. பின்சாய்கோடு என்றால் இடப்பக்கம் சாய்ந்தது.

தொடங்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

முதலில் உங்கள் ஃபைல்களை வெளியே ஒரு டிஸ்க்கிலோ பென்ட்ரைவிலோ பிரதி எடுங்கள். 'பிறகு பார்க்கலாம்' என்று இதை விடாதீர்கள். லெப்டொப் என்றால் சார்ஜரைச் செருகிவிட்டுத் தொடங்குங்கள்.

அடுத்தது பிட்லொக்கர். புதிய லெப்டொப்கள் பலவற்றில் மைக்ரோசொஃப்ட் கணக்கோடு உள்நுழைந்தவுடன் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டுவிடுகிறது; வைத்திருப்பவருக்கே தெரியாது. யுஇஎஃப்ஐ வரிசையை மாற்றியவுடன் அது 48 இலக்கச் சாவியைக் கேட்கக்கூடும். அந்தச் சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். போனில் கணக்கைத் திறந்து, சாவியைத் தாளில் எழுதி வைத்த பிறகு வேலையைத் தொடங்குங்கள். கணக்கின் பாஸ்வேர்ட் மறந்திருந்தால் முதலில் அதை மீட்டெடுங்கள். நான் ஒவ்வொரு லெப்டொப்பிலும் முதலில் பார்ப்பது இதைத்தான்.

மூன்றாவது, விண்டோஸ் பட்டியலுக்கு ஒரு பிரதி. ஸ்டார்ட்டில் சி, எம், டி என்று தட்டி, கொமாண்ட் ப்ரொம்ப்ட் வந்ததும் அதன்மேல் வலது கிளிக் செய்து அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறங்கள். பிசிடிஎடிட் (பி, சி, டி, ஈ, டி, ஐ, ரி), ஓர் இடைவெளி, சாய்கோடு, எக்ஸ்போர்ட், இன்னோர் இடைவெளி, பிறகு டி டிரைவின் எழுத்தும் முக்காற்புள்ளியும் பின்சாய்கோடும் போட்டு விருப்பமான ஒரு பெயர். ஏதாவது பிழையாகப் போனால் அதே முறையில் எக்ஸ்போர்ட்டுக்குப் பதில் இம்போர்ட் என்று கொடுத்துப் பழையபடி ஆக்கலாம்.

நீலத் திரையில் இரண்டு விண்டோஸ் காட்டுகிறது. எப்படி ஒன்றை நீக்குவது?

நீங்கள் வழக்கமாகப் பாவிக்கும் விண்டோஸுக்குள் போங்கள். விண்டோஸ் விசையும் ஆர் விசையும் அழுத்தி எம்எஸ்கொன்ஃபிக் (எம், எஸ், சி, ஓ, என், எஃப், ஐ, ஜி) என்று தட்டுங்கள். வரும் பெட்டியில் 'பூட்' என்ற தாவலில் இரண்டு வரிகளும் இருக்கும். இப்போது ஓடிக்கொண்டிருப்பதன் பக்கத்தில் 'கரண்ட் ஓஎஸ்' என்று எழுதியிருக்கும். அந்த வரியைத் தொட்டு முதலில் 'செட் அஸ் டிஃபோல்ட்' கொடுங்கள். பிறகு மற்ற வரியைத் தொட்டு 'டிலீட்'. அதே பெட்டியின் வலப்பக்கத்தில் காத்திருக்கும் நேரமும் இருக்கும். அப்ளை, ஓகே, ரீஸ்டார்ட். ஒரு வரி மட்டும் மிஞ்சினால் நீலத் திரையே வராமல் நேரே விண்டோஸ் திறக்கும்.

இரண்டுக்கும் 'விண்டோஸ் 10' என்ற ஒரே பெயர். எது பழையது?

பெயரைப் பார்க்காதீர்கள், 'கரண்ட் ஓஎஸ்' என்ற சொல்லைப் பாருங்கள். இப்போது ஓடுகிற விண்டோஸில் உங்கள் படங்களும் வேலைகளும் இருக்கின்றனவா என்று டெஸ்க்டொப்பைப் பார்த்து உறுதிசெய்துவிட்டு நீக்குங்கள். இன்னும் சந்தேகம் என்றால் கொமாண்ட் ப்ரொம்ப்டில் பிசிடிஎடிட் என்று மட்டும் தட்டி என்டர் அழுத்துங்கள். ஒவ்வொரு வரியின் விபரமும் வரும். பழைய பார்ட்டிஷன் அழிந்துபோயிருந்தால் அதன் 'டிவைஸ்' என்ற இடத்தில் 'அன்னோன்' என்று இருக்கும். அதைத் தயங்காமல் நீக்கலாம்.

எம்எஸ்கொன்ஃபிக்கில் அந்த வரி இல்லை. நீலத் திரையில் மட்டும் தெரிகிறது.

விண்டோஸ் அல்லாத வரிகள் அங்கே வராமல் இருக்கலாம். அப்போது பிசிடிஎடிட்டில்தான் பார்க்க வேண்டும். வேண்டாத வரியின் மேலே 'ஐடென்டிஃபையர்' என்று நெளிவு அடைப்புக்குறிக்குள் நீளமான எழுத்தும் எண்ணும் இருக்கும். சுட்டியால் தேர்ந்தெடுத்துப் பிரதி எடுங்கள். கையால் தட்டினால் ஓரெழுத்தாவது பிழையாகிவிடும். பிறகு பிசிடிஎடிட், இடைவெளி, சாய்கோடு, டிலீட், இடைவெளி, அந்த அடையாளம் அடைப்புக்குறியோடு. பவர்ஷெல்லில் செய்தால் அடைப்புக்குறியைப் பவர்ஷெல் வேறாக விளங்கிக்கொண்டு பிழை காட்டும். கொமாண்ட் ப்ரொம்ப்டிலேயே செய்யுங்கள். அடைப்புக்குறிக்குள் 'பூட்எம்ஜிஆர்' என்றோ 'கரண்ட்' என்றோ இருப்பவற்றைத் தொடவே கூடாது. அவைதான் உங்கள் கணினியைத் திறக்கின்றன.

வரி போய்விட்டது. பழைய விண்டோஸ் பிடித்திருந்த இடம் வரவில்லையே?

வராது. பலகைதான் கழன்றது. பழைய விண்டோஸ் இருந்த பார்ட்டிஷனைத் திறந்து, யூஸர்ஸ் ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் இருக்கும் டெஸ்க்டொப், டொக்கியுமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றையும் பாருங்கள். தேவையானவற்றைப் பிரதி எடுத்த பிறகுதான் ஃபோமட்.

ஃபோமட் செய்யும் முன் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பல கணினிகள் விழுந்தது இந்த இடத்தில்தான். ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட் திறங்கள். ஒவ்வொரு பார்ட்டிஷனின் அடியிலும் அடைப்புக்குறிக்குள் சில சொற்கள் இருக்கும். 'பூட்' என்றால் இப்போது ஓடும் விண்டோஸ் உள்ள இடம். 'சிஸ்டம்' என்றால் கணினியைத் திறக்கும் ஃபைல்கள் உள்ள இடம். கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும். ஆனால் மைக்ரோசொஃப்ட் வைத்த பெயர்கள் அப்படித்தான். 'சிஸ்டம்' என்ற சொல் பழைய டிஸ்க்கில் இருந்தால் அதை ஃபோமட் செய்யவும் கூடாது, கழற்றவும் கூடாது.

கல்முனையிலிருந்து ஒரு தம்பி வந்தார். பழைய ஹாட் டிஸ்க் உள்ளே இருக்கும்போதே புதிய எஸ்எஸ்டியில் விண்டோஸ் போட்டிருந்தார். மூன்று மாதம் நன்றாக ஓடியது. பழையதைக் கழற்றி வாப்பாவின் கணினிக்குப் போட்டார். அன்றோடு எஸ்எஸ்டி திறக்கவில்லை. புதிய டிஸ்க் பழுது என்று நினைத்து, கடைக்குத் திருப்பிக் கொடுக்கும் எண்ணத்தோடு வந்திருந்தார். டிஸ்க் நல்ல சுகம். திறக்கும் ஃபைல்கள் முழுவதும் பழையதில் இருந்தன. எஸ்எஸ்டியில் ஒரு சின்னப் பார்ட்டிஷன் வெட்டி, விண்டோஸ் பென்ட்ரைவிலிருந்து பிசிடிபூட் கட்டளை ஒன்று கொடுத்ததும் திறந்துவிட்டது. புதிய டிஸ்க்கில் விண்டோஸ் போடும்போது பழையதின் கேபிளைக் கழற்றிவிட்டுப் போடுங்கள். இந்தத் தொல்லை முழுவதும் அதிலேயே தவிர்ந்துவிடும்.

விண்டோஸ் டொட் ஓல்ட் என்ற ஃபோல்டர் வேறு விடயம். அது மேம்படுத்தலுக்குப் பிறகு மிஞ்சுவது. பொதுவாகப் பத்து நாளில் விண்டோஸே அழித்துவிடும். டிஸ்க் கிளீனப்பாலும் அழிக்கலாம்.

உபுண்டுவை முழுதாக எடுக்க வேண்டும். எந்த வரிசையில் செய்வது?

வரிசைதான் இதில் எல்லாம். யுஇஎஃப்ஐ கணினி என்று வைத்துச் சொல்கிறேன்.

முதலில் பயோஸ் அமைப்புக்குள் (மதர்போர்ட்டின் செட்டிங்ஸ் பக்கம்) போய், தொடங்கும் வரிசையில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்பதை மேலே கொண்டுவாருங்கள். சேமித்து, விண்டோஸ் நேரே திறக்கிறதா என்று பாருங்கள். திறக்காவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். லினக்ஸில் எதையும் அழிக்காதீர்கள்.

திறந்தால், டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் லினக்ஸ் பார்ட்டிஷன்களை அழிக்கலாம். விண்டோஸுக்கு அவற்றின் உள்ளடக்கம் வாசிக்கத் தெரியாததால் டிரைவ் எழுத்தோ பெயரோ இல்லாமல் இருக்கும். அளவைப் பார்த்து அடையாளம் காணுங்கள். உபுண்டுவுக்கு 50 ஜிபி கொடுத்தது நினைவிருந்தால் அந்த அளவைத் தேடுங்கள். 'இஎஃப்ஐ சிஸ்டம்' என்றும் 'ரிகவரி' என்றும் எழுதியிருக்கும் சின்னப் பார்ட்டிஷன்களும் எழுத்தில்லாமல்தான் இருக்கும். அவற்றை அழித்தவர்கள் நிறையப் பேர். தொடாதீர்கள்.

பார்ட்டிஷன் போன பிறகும் உபுண்டுவின் திறப்பு ஃபைல்கள் அந்த இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்குள் இருக்கும். அட்மினிஸ்ட்ரேட்டர் கொமாண்ட் ப்ரொம்ப்டில் மவுண்ட்வொல் (எம், ஓ, யு, என், ரி, வி, ஓ, எல்), இடைவெளி, எஸ் எழுத்தும் முக்காற்புள்ளியும், இடைவெளி, சாய்கோடும் எஸ் எழுத்தும். இப்போது மறைந்திருந்த பார்ட்டிஷன் எஸ் டிரைவாக வரும். எஸ் எழுத்தும் முக்காற்புள்ளியும் தட்டி என்டர். பிறகு சி, டி, இடைவெளி, இ, எஃப், ஐ என்று தட்டி அந்த ஃபோல்டருக்குள் போங்கள். டி, ஐ, ஆர் என்று கொடுத்தால் மைக்ரோசொஃப்ட், பூட், உபுண்டு என்று ஃபோல்டர்கள் தெரியும். ஆர், டி, இடைவெளி, சாய்கோடும் எஸ் எழுத்தும், இடைவெளி, உபுண்டு என்று தட்டுங்கள். உறுதியா என்று கேட்கும், வை அழுத்துங்கள். என்டர் அழுத்தும் முன் கடைசிச் சொல் உபுண்டுதானா என்று ஒருதரம் வாய்விட்டு வாசியுங்கள். நான் இன்றும் வாசிக்கிறேன். மைக்ரோசொஃப்ட் ஃபோல்டரும் பூட் ஃபோல்டரும் நிற்க வேண்டும்.

கடைசியாக மதர்போர்ட் பட்டியல். பிசிடிஎடிட், இடைவெளி, சாய்கோடு, என்யூம் (இ, என், யு, எம்), இடைவெளி, ஃபேர்ம்வெயர் (எஃப், ஐ, ஆர், எம், டபிள்யு, ஏ, ஆர், இ). 'டெஸ்க்ரிப்ஷன்' என்ற இடத்தில் உபுண்டு என்று உள்ள வரியின் அடையாளத்தைப் பிரதி எடுத்து, மேலே சொன்ன டிலீட் கட்டளையைக் கொடுங்கள். சில மதர்போர்ட்கள் ஃபைல் அழிந்ததும் வரியைத் தாங்களே எடுத்துவிடும். ஃபோல்டரை அழிக்காமல் வரியை மட்டும் நீக்கினால், சில மெஷின்கள் அடுத்த முறை திறக்கும்போது அதைத் திரும்ப எழுதிவிடும். "நீக்கினேன், திரும்ப வந்திருக்கு" என்று வருகிறவர்களுக்கு நடந்தது இதுதான்.

பார்ட்டிஷனை முதலே அழித்துவிட்டேன். 'க்ரப் ரெஸ்கியூ' என்று கறுப்புத் திரையில் நிற்கிறது!

வந்தாறுமூலையில் படிக்கும் தங்கை ஒருவர் பரீட்சைக்கு இரண்டு நாள் முன்பு, இரவு பத்தரை மணிக்கு, அழுதுகொண்டே போன் எடுத்தார். ப்ரொஜெக்ட் முழுதும் போய்விட்டது என்று நினைத்துவிட்டார். ஒன்றும் போகவில்லை. க்ரப்பின் தொடக்கப் பகுதி இருக்கிறது, அது தேடும் மிச்சப் பகுதி அழிந்த பார்ட்டிஷனில் இருந்தது, அவ்வளவுதான் நடந்தது. விண்டோஸும் ஃபைல்களும் தங்கள் இடத்திலேயே இருந்தன.

பவர் பொத்தானை நீளமாக அழுத்தி நிறுத்துங்கள். மறுபடி போடும்போது எஃப்12 அல்லது எஃப்9, உங்கள் மெஷினுக்கு எதுவோ அதைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருங்கள். வரும் பட்டியலில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்று தெரிவு செய்தால் விண்டோஸ் திறக்கும். அந்தத் தங்கைக்கு ஐந்து நிமிடத்தில் திறந்துவிட்டது. பிறகு மேலே சொன்னபடி வரிசையை மாற்றி, ஃபோல்டரையும் வரியையும் நீக்குங்கள்.

என் கணினி பழையது, லெகசி என்று காட்டுகிறது.

அதில் க்ரப் டிஸ்க்கின் முதல் பகுதியிலேயே உட்கார்ந்திருக்கும். விண்டோஸ் பென்ட்ரைவிலிருந்து திறந்து, 'ரிப்பேர்' வழியாகக் கொமாண்ட் ப்ரொம்ப்டுக்குப் போய், பூட்ரெக் (பி, ஓ, ஓ, ரி, ஆர், இ, சி), இடைவெளி, சாய்கோடு, ஃபிக்ஸ்எம்பிஆர் (எஃப், ஐ, எக்ஸ், எம், பி, ஆர்) கொடுங்கள். விண்டோஸ் நேரே திறந்த பிறகு லினக்ஸ் பார்ட்டிஷன்களை அழியுங்கள். யுஇஎஃப்ஐ கணினிக்கு இந்தக் கட்டளையால் பயன் இல்லை.

எனக்கு உபுண்டு வேண்டும், விண்டோஸ்தான் வேண்டாம். க்ரப்பில் அதன் பெயர் நிற்கிறது.

விண்டோஸ் பார்ட்டிஷனை அழித்த பிறகு, இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்குள் உள்ள மைக்ரோசொஃப்ட் ஃபோல்டரையும் எடுங்கள். க்ரப் விண்டோஸைக் கண்டுபிடிப்பது அதைப் பார்த்துத்தான். பிறகு டெர்மினலில் சூடோ, இடைவெளி, அப்டேட், நடுக்கோடு, க்ரப் என்று கொடுத்தால் பட்டியல் புதிதாக எழுதப்படும். மதர்போர்ட் பட்டியலில் உள்ளதை இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் என்ற கட்டளையால் நீக்கலாம்: அதை மட்டும் தட்டினால் நான்கிலக்க எண்களோடு வரிகள் வரும், நீக்க வேண்டியதற்குச் சூடோவோடு அதே கட்டளை, நடுக்கோடும் சிறிய பி எழுத்தும், அந்த வரியின் எண், பிறகு நடுக்கோடும் பெரிய பி எழுத்தும்.

இதற்கு எதிரான கேள்வியும் வரும்: இரண்டும் வைத்திருக்கிறேன், க்ரப்பில் விண்டோஸ் காணாமல் போய்விட்டது என்று. 2021இல் வந்த க்ரப் 2.06இலிருந்து மற்ற இயங்குதளங்களைத் தேடும் வசதி இயல்பாக நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. ஈடிசி ஃபோல்டருக்குள் டிஃபோல்ட், அதற்குள் க்ரப் என்ற ஃபைலில், 'டிஸேபிள் ஓஎஸ் ப்ரோபர்' என்று வரும் வரியின் முன்னால் உள்ள ஹேஷ் குறியை எடுத்து, அதன் பெறுமதி 'ஃபோல்ஸ்' என்று இருக்கிறதா பார்த்து, க்ரப்பை மறுபடி அப்டேட் செய்யுங்கள்.

'விண்டோஸ் ரோல்பேக்' என்று ஒரு வரி. நீக்கலாமா?

அப்டேட் நடுவில் நின்றுபோனால், பழைய நிலைக்குத் திரும்புவதற்காக விண்டோஸ் வைக்கும் வரி இது. அப்டேட் இன்னும் முடியாமல் இருந்தால் தொடாதீர்கள். விண்டோஸ் ஒழுங்காகத் திறந்து, அப்டேட் பக்கத்தில் எல்லாம் முடிந்தது என்று காட்டினால், எம்எஸ்கொன்ஃபிக்கிலோ பிசிடிஎடிட்டிலோ நீக்கலாம்.

பிழையான வரியை நீக்கிவிட்டேன். விண்டோஸ் திறக்கவே இல்லை.

பதறி ஃபோமட் செய்துவிடாதீர்கள். உங்கள் ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென்ட்ரைவ் ஒன்று வேண்டும். வேறொரு கணினியில் மைக்ரோசொஃப்ட்டின் தளத்திலிருந்து விண்டோஸ் போடும் பென்ட்ரைவ் ஒன்றைத் தயாரியுங்கள். பல ஜிபி இறங்கும் என்பதால் இரவு டேட்டாவில் இறக்குங்கள், அல்லது முன்பே வைத்திருக்கும் நண்பரிடம் கேளுங்கள். அதிலிருந்து திறந்து, முதல் திரை வந்ததும் ஷிஃப்ட் விசையோடு எஃப்10 அழுத்துங்கள். கறுப்புப் பெட்டி வரும்.

இங்கே டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கலாம். வழக்கமான சி இப்போது டி ஆக இருக்கலாம். டிஸ்க்பார்ட் தட்டி, லிஸ்ட், இடைவெளி, வொல்யூம் என்று கொடுத்தால் எல்லா டிரைவும் அளவோடு வரும். உங்கள் விண்டோஸ் எந்த எழுத்தில் என்று பார்த்துவிட்டு எக்ஸிட் கொடுங்கள். டி என்று வைத்துக்கொண்டால்: பிசிடிபூட் (பி, சி, டி, பி, ஓ, ஓ, ரி), இடைவெளி, டி எழுத்து, முக்காற்புள்ளி, பின்சாய்கோடு, விண்டோஸ். ஃபைல்கள் உருவாக்கப்பட்டன என்று செய்தி வந்தால் பென்ட்ரைவை இழுத்துவிட்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். பிழை காட்டினால், திரும்ப டிஸ்க்பார்ட்டுக்குள் போய் ஃபேட்32 என்று காட்டும், 100 எம்பி அல்லது சில நூறு எம்பி அளவுள்ள சின்னப் பார்ட்டிஷனைத் தெரிவு செய்து, அசைன் கட்டளையால் அதற்கு எஸ் எழுத்தைக் கொடுங்கள். பிறகு எக்ஸிட் கொடுத்து வெளியே வந்து, அதே பிசிடிபூட் கட்டளையின் கடைசியில் இடைவெளி, சாய்கோடும் எஸ் எழுத்தும், இடைவெளி, எஸ் எழுத்தும் முக்காற்புள்ளியும் சேர்த்துக் கொடுங்கள்.

வரியை நீக்கினால் விண்டோஸின் அக்டிவேஷன் போய்விடுமா?

போகாது. அதற்கும் இதற்கும் தொடர்பு இல்லை.

எஃப்12 பட்டியலில் 'ஐபிவி4', 'ஐபிவி6' என்றும் இரண்டு வரிகள் நிற்கின்றன. அவை எந்த இயங்குதளம்?

எதுவும் இல்லை. வலையமைப்பு வழியாகக் கணினியைத் திறப்பதற்கு மதர்போர்ட் தானே வைத்திருப்பவை. பாடசாலை, அலுவலகக் கணினி கூடங்களில் பயன்படும். வீட்டில் கண்ணுக்குத் தொந்தரவாக இருந்தால் பயோஸ் அமைப்பில் 'நெட்வேர்க் பூட்' என்பதை நிறுத்திவிடலாம்.

நான் செய்யப் பயம், கடையில்தான் கொடுக்கப் போகிறேன். என்ன சொல்லிக் கொடுப்பது?

"மெனுவில் இந்த வரியை மட்டும் நீக்குங்கள், ஃபோமட் வேண்டாம்" என்று தாளில் எழுதி லெப்டொப்போடு கொடுங்கள். மெனுத் திரையைப் போனில் ஒரு படம் எடுத்து, நீக்க வேண்டிய வரியைக் காட்டுங்கள். "ஃபோமட் செய்தால்தான் போகும்" என்று சொன்னால், எந்தப் பட்டியலில் அந்த வரி இருக்கிறது என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் லெப்டொப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு வாருங்கள்.